ஒன்பது நாள் கார் எங்கே நின்றது, தம்பி?

வாசகர் கடிதம்:

"அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் வீரவநல்லூர் பக்கம், குடியிருப்பது தாம்பரத்தில். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு காரில் ஊருக்கு வந்து, திருச்செந்தூர் பக்கம் தேரியில் (செம்மணல் காட்டில்) இருக்கிற அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கும் போய்விட்டு, ஒன்பது நாள் கழித்துத் திரும்பினோம். 2018 மாடல் பெட்ரோல் கார், 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதுவரை ஒரு தொந்தரவும் தந்ததில்லை. ஊரில் கோயிலுக்குப் போன ஒரு நாளைத் தவிர வண்டியை எடுக்கவே இல்லை, வெயிலில் நிற்க வேண்டாம் என்று அப்பா தொழுவத்துக்குள் விடச் சொன்னார். திரும்பும்போது விராலிமலை தாண்டியதும் எஞ்சின் லைட் எரிந்தது. வீடு வந்து சேர்ந்ததிலிருந்து சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது, ஏசி போட்டால் ஆஃப் ஆகிவிடுகிறது, ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் ஒரு வெட்டு வெட்டுகிறது. வாட்டர் வாஷ் பண்ணின அன்று ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஹைவேயில் 80, 90இல் போனால் ஒன்றும் தெரியவில்லை. லைட்டும் சில நாள் எரியும், அப்புறம் தானாக அணைந்துவிடும். முதல் மெக்கானிக் ஏர் ஃபில்டரில் தேரி மண் அடைத்திருக்கிறது என்று ஃபில்டரும் நான்கு பிளக்கும் மாற்றினார், 2,800 ரூபாய். இரண்டாவது ஆள் பேட்டரி மாற்றினார், 5,600. இரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் அதே கதை. மூன்றாவது இடத்தில் ஸ்கேனர் போட்டு பி0135, பி0303 என்று இரண்டு கோடு (கோளாறு எண்) வருகிறது என்று ஆக்சிஜன் சென்சார் மாற்றி, த்ராட்டில் பாடியும் கழுவினார்கள், 6,400. ஒரு வாரத்தில் லைட் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஈசிஎம், அதாவது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர், போயிருக்கிறது, 38,000 ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா, இல்லை வண்டியை விற்றுவிடலாமா? எலுமிச்சம்பழம் நசுக்காமல் கிளம்பியதால்தான் இப்படி என்கிறாள் வீட்டில். மே மாத லீவில் மறுபடி ஊருக்கு வர வேண்டும், நேராக உங்கள் ஷெட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா? பின்குறிப்பு: ஏசி போட்டால் ஒரு வாடை வருகிறது, அது வேறு விஷயம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்."

தம்பி, ஈசிஎம் மாற்ற வேண்டாம். வண்டியையும் விற்க வேண்டாம், விற்பதென்றால் வேறு காரணத்துக்கு விற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வண்டிக்கு என்ன வந்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முக்கியமில்லை என்று நீங்கள் தாண்டிப்போன இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று அந்தத் தொழுவம். இன்னொன்று பின்குறிப்பில் வருகிற வாடை.

பங்குனியில் நம்ம பக்கம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல் அறுத்து முடிகிற நேரம் அது. மாசி வரைக்கும் வயலில் கதிரைத் தின்று கொழுத்த எலிக்கு அறுப்பு மெஷின் வந்து போனதும் வீடும் இல்லை, சாப்பாடும் இல்லை, அது நேரே ஊருக்குள்தான் வரும். ஊருக்குள் வந்தால் வைக்கோல் படப்பு. படப்பு எங்கே இருக்கும்? தொழுவத்தை ஒட்டி. அதன் ஓரத்தில் நீங்கள் 600 கிலோமீட்டர் ஓட்டி வந்த வண்டியைக் கதகதப்பான எஞ்சினோடு கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒன்பது நாளில் ஒரே ஒரு நாள்தான் எடுத்திருக்கிறீர்கள். அப்பா பாவம், வெயில் படக்கூடாது, பெயின்ட் மங்கிவிடும் என்று பாசத்தில் சொல்லியிருப்பார். எலிக்கும் அதே நிழல் பிடித்துப்போயிருக்கும்.

நான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு பழைய சூடு இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஷெட் போட்டு ஏழெட்டு வருஷம் ஆன சமயம், ஆழ்வார்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு வாத்தியார் வண்டி வந்தது. இதே உதறல். பிளக்குக்குப் பொறி தருகிற இக்னிஷன் காயில் என்று நினைத்து மாற்றினேன், இல்லை. பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டேன், இல்லை. மூன்றாவது நாள் சாயங்காலம் கையில் இருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனர் நழுவி எஞ்சினுக்குப் பின்பக்கம் விழுந்துவிட்டது, அதை எடுக்க டார்ச் அடித்து எட்டிப் பார்த்தால் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு கூடு. கைப்பிடி அளவு வைக்கோல், அதில் மணி உதிராத நெற்கதிர் நாலைந்து, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற பஞ்சைப் பிய்த்து மெத்தை மாதிரி நடுவில் வைத்திருக்கிறது, கூடவே காய்ந்த அரளிப்பூ ஒரு துண்டு. கோயில் மாலையை வண்டி முன்னால் கட்டியிருப்பார் போல, அதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கூட்டை எடுத்ததும் பின்னால் வயர் கட்டு. மேலே சுற்றியிருந்த கறுப்புக் குழாயில் சின்னதாக ஒரு ஓட்டைதான் தெரிந்தது, பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று வயர் தோல் உரிந்து செம்பு பளபள என்று தெரிகிறது, நாலாவது வயர் இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாத்தியாரிடம் காயில் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து திடீர்த் தொந்தரவு என்று எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, போன வாரம் வண்டி ராத்திரி எங்கே நின்றது என்பதுதான்.

உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதின ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்துப் பாருங்கள். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது வெட்டுகிறது என்றால் ஏதோ ஒன்று ஆடும்போது தொட்டுத் தொட்டு விடுகிறது என்று அர்த்தம். சாதாரணமாகப் பிளக் குலுங்கினதால் கெடாது, பேட்டரியும் டெர்மினல் இறுக்கமாக இருக்கிறவரை குலுங்கினதால் கெடாது, பாதி அறுந்த வயர்தான் குலுங்கினால் விடும். தண்ணீர் அடித்த அன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்பதும் அதேதான், தோல் உரிந்த இடத்தில் ஈரம் இறங்கினால் ஒரு வயரில் போக வேண்டியது பக்கத்து வயருக்கும் எர்த்துக்கும் கசியும். நின்றால் உதறுகிறது, ஓடினால் தெரியவில்லை என்பதிலும் மர்மம் ஒன்றும் இல்லை. ஐட்லிங்கில் நிமிஷத்துக்கு 700, 800 சுற்றுதான், நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கே தெரியும். அதன் தலையில் ஏசி கம்ப்ரசர் பாரத்தையும் ஏற்றினால் மீதி மூன்றும் இழுக்க முடியாமல் எஞ்சின் நின்றுவிடும். 90இல் போகும்போது அந்த ஓட்டத்தின் வேகமே குறையை மூடிவிடும்.

முதல் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். தேரிக்குப் போய்வந்த வண்டியின் ஃபில்டரைத் திறந்தால் யாருக்கும் அதுதான் கண்ணில் படும். அந்த மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடால் வருகிற சிவப்பு, மாவு மாதிரி பொடி, உத்திரத்தன்று முன்னால் நூறு வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனால் பின்னால் போகிற வண்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் வரும். ஃபில்டர் மாற்றினது வீண் செலவு இல்லை, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் இந்தக் காலத்து இன்ஜெக்ஷன் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைத்தால் முதலில் போவது பிக்கப்தான், மேட்டில் மிதிக்கும்போது, ஓவர்டேக் பண்ணும்போது மூச்சு வாங்கும். உங்களுக்கு நடப்பது அதற்கு நேர் தலைகீழ், வேகத்தில் நன்றாக இருக்கிறது, நின்றால் உதறுகிறது. தேரி மண் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்ததால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுந்துவிட்டது.

பேட்டரி மாற்றினதும் இரண்டு நாள் நன்றாக ஓடியது என்கிறீர்களே, அது எல்லோரையும் ஏமாற்றுகிற இடம். பேட்டரியைக் கழற்றினால் நிறைய வண்டிகளில் கம்ப்யூட்டரின் ஞாபகமும் கூடவே அழிந்துவிடும், லைட் அணைந்துவிடும். ஒரு சிலிண்டர் தொடர்ந்து மிஸ் ஆனால் சில வண்டிகளில் கம்ப்யூட்டரே அந்த இன்ஜெக்டரை நிறுத்தி வைத்துவிடும், ஞாபகம் அழிந்ததும் அதை மறுபடி திறந்துவிடும். அதோடு இன்னொன்று. பேட்டரியைத் தூக்கும்போது அதன் தட்டை ஒட்டிப் போகிற வயர் கட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அறுந்த இழை ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இரண்டு நாள் ஓடியிருக்கும். புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது, சரி, அதை விடுங்கள். இனிமேல் யாராவது பேட்டரி என்று சொன்னால் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது, எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8லிருந்து 14.5க்குள் காட்டும். ஐந்து நிமிஷ வேலை.

தானாக எரிந்து தானாக அணைவதும் பேய் இல்லை. தொடர்ந்து மூன்று தடவை வண்டி எடுத்து ஓட்டும்போது கோளாறு தென்படவில்லை என்றால் கம்ப்யூட்டரே லைட்டை அணைத்துவிடும், ஆனால் அந்தக் கோடு உள்ளே கொஞ்ச நாள் பதிந்தே இருக்கும். லைட் அணைந்ததால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். விட்டு விட்டு வருகிற கோளாறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இப்போது அந்த இரண்டு கோடு. எனக்கு இதில்தான் விஷயமே இருக்கிறது, மூன்றாவது இடத்துக்காரர்கள் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்று மட்டும்தான் பொருள். ஏன் என்று அது சொல்லாது. பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், அவற்றுக்கு வருகிற வயராகவும் இருக்கலாம். பி0135 என்றால் ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கிற ஹீட்டரின் சர்க்கியூட்டில் கோளாறு. சர்க்கியூட் என்கிற சொல்லைக் கவனியுங்கள். சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவில்லை, அந்தப் பாதையில் எங்கோ தடங்கல் என்கிறது. அந்தப் பாதையில் ஃபியூஸ் இருக்கிறது, ரிலே இருக்கிறது, ஒரு கனெக்டர் இருக்கிறது, நீளமாக வயர் இருக்கிறது, கடைசியில்தான் சென்சார். வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் ஸ்விட்சைப் பார்க்காமல் யாராவது புது ஃபேன் வாங்குவார்களா? சென்சார் மாற்றியும் ஒரு வாரத்தில் லைட் வந்துவிட்டது என்றால், பழைய சென்சார் நல்ல சென்சார்தான் என்று தொண்ணூறு பங்கு சொல்லிவிடலாம்.

அதோடு, மூன்றாவது சிலிண்டருக்கும் சைலன்சர் பக்கம் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டருக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை. ஏழு வருஷம் ஒழுங்காக ஓடின வண்டியில் சம்பந்தமே இல்லாத இரண்டு பொருள் ஒரே வாரத்தில், அதுவும் ஊருக்குப் போய்வந்த வாரத்தில், சேர்ந்தாற்போல் கெடுமா? இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, இரண்டின் வயரும் எஞ்சின் பின்பக்கம் ஒரே கட்டில் ஒன்றாகப் போகிற அந்த ஒரு முழ நீளம்தான். நான் முதலில் கை வைக்கிற இடம் அதுதான்.

ஈசிஎம் பற்றி ஒரே வார்த்தை: அது அவ்வளவு சுலபமாகப் போகிற பொருள் இல்லை. எல்லாச் சோதனையும் முடிந்து வேறு வழியே இல்லாதபோது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. புதிது போட்டால் சாவியோடு இம்மொபிலைசரையும் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) சேர்த்துப் பழக்க வேண்டியிருக்கும், அது தனி வேலை. முக்கியமாக, வயர் உரிந்து ஷார்ட் ஆகிற வண்டியில் அதைச் சரி பண்ணாமல் புது ஈசிஎம் மாட்டினால் அதையும் சேர்த்துப் பறிகொடுக்க வாய்ப்பு உண்டு.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், முதலில் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு (ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் எஞ்சின் ஆஃப் ஆனபிறகும் திடீரென்று சுற்றும்) பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எலிப்புழுக்கை அரிசி அளவில் கறுப்பாகக் கிடக்கும், பேட்டரி தட்டு, ஃபியூஸ் பெட்டி மூடி, எஞ்சின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் மூடிக்கு அடியில். பானெட் பஞ்சில் பிய்த்த குழி இருக்கிறதா, வைக்கோல் துணுக்கு இருக்கிறதா, ரப்பர் ஹோஸில் பல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எலிக்கு முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ப்பதற்கு ஏதாவது கடித்தே ஆக வேண்டும், அதற்கு வயரும் ஒன்றுதான் பனங்கொட்டையும் ஒன்றுதான். முன்பகுதி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள், கூடு பெரும்பாலும் கை எட்டாத பின்பக்கத்தில்தான் இருக்கும். செல்போனை வீடியோவில் போட்டு லைட்டை எரியவிட்டு எஞ்சினுக்குப் பின்னால் நுழைத்து எடுத்துப் பாருங்கள், தலையை நுழைப்பதைவிட அது உத்தமம்.

அப்புறம் அந்த வாடை. ஏசி ஃபில்டர் நிறைய வண்டிகளில் இடது பக்க டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், டப்பாவை இறக்கினால் கையோடு வந்துவிடும். உங்கள் வண்டியில் அதைக் கழற்றினால் மூத்திரக் கறையோ, புழுக்கையோ, வைக்கோலோ இருக்கும் என்று நினைக்கிறேன், ஒருவேளை உள்ளே ஒன்று செத்தும் கிடக்கலாம். இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். மாஸ்க், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிளீச்சிங் கரைசலை லேசாகத் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு ஈரத்தோடு துடைத்து எடுங்கள். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்குவதும், ஏர் கம்ப்ரசர் வைத்து ஊதுவதும் கூடவே கூடாது, அத்தனையும் மூக்குக்குள் போகும். வயர், கனெக்டர் மேல் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அங்கே ஈரத்துணி போதும். ஃபில்டர் புதிது போடுங்கள். அதுவரை ஏசி இல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

அதற்குப் பிறகு மெக்கானிக்கிடம் போகாமல் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். தாம்பரத்தில் ஆள் இல்லாமலா போய்விடும், பழைய வண்டி வயரிங் பார்க்கிறவராக, கையில் மல்டிமீட்டர் இருக்கிறவராகப் பாருங்கள். போனதும் ஈசிஎம் கதையை ஆரம்பிக்காமல், மூன்றாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டு, ஒன்றாவதை மூன்றில் போடச் சொல்லுங்கள். கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான், மாறாமல் 0303 என்றே நின்றால் காயில் இல்லை. காசு செலவில்லாத சோதனை, இதை மூன்று பேரில் ஒருவர்கூடச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அடுத்தது இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைக்க வேண்டும், இந்த வகை இன்ஜெக்டரில் பெரும்பாலும் 12 ஓம் பக்கம் காட்டும், நாலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்றாவது மட்டும் வித்தியாசமா என்று தெரிந்துவிடும். நாலும் ஒரே அளவு என்றால் இன்ஜெக்டருக்குள் இருக்கிற சுருள் நல்லது, அப்புறம் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயர்தான். எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையை விலக்கி வைத்துக்கொண்டு, வயர் கட்டை ஒவ்வொரு சாணாக மெதுவாக அசைத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் எஞ்சின் உதறும். அங்கே பிரிக்க வேண்டியதுதான்.

பிரித்து உரிந்த வயர் கிடைத்தால் மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அனுப்பிவிடுவார்கள், விடாதீர்கள். எஞ்சின் சூட்டில் அந்தப் பசை உருகி வழிந்து ஆறு மாதத்தில் இதே கடிதத்தை மறுபடி எனக்கு எழுதுவீர்கள். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமனில் வயர் சேர்த்து, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஸ்லீவ் போட வேண்டும். நாலு வயரில் ஜாயின்ட் வந்தால் நாலும் ஒரே இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பாம்பு எலியை விழுங்கின மாதிரி புடைத்துக்கொண்டு எதிலாவது உரசும். அதற்கு மேல் புதுக் குழாய். சில கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஜாயின்ட் போட மாட்டோம், முழு ஹார்னஸும், அதாவது வயர் கட்டு மொத்தமும், மாற்ற வேண்டும் என்பார்கள், கடித்தது ஏழெட்டு வயருக்கு மேல் என்றாலோ கனெக்டருக்கு உள்ளேயே போய்விட்டது என்றாலோ அதுதான் நியாயம். இரண்டு மூன்று வயர் என்றால் நல்ல கைக்காரர் அரை நாளில் முடித்துவிடுவார், நம்ம ஊர்க் கூலியில் 2,000, 3,000க்குள் ஆகும், உங்கள் பக்கம் கொஞ்சம் கூட இருக்கலாம்.

முழு ஹார்னஸ் என்று பெரிய தொகை வந்தால் மட்டும் இன்சூரன்ஸைப் பாருங்கள். சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால் எலி கடித்ததற்குப் பல கம்பெனிகள் தருகின்றன, ஆனால் கை வைப்பதற்கு முன்னால் தகவல் சொல்லி சர்வேயர் பார்க்க வேண்டும், வேலையை முடித்துவிட்டுப் பில்லை நீட்டினால் பிரயோஜனமில்லை. கட்டாயக் கழிவு 1500 சிசி வரைக்குமான காருக்கு 1,000 ரூபாய் போகும். அதோடு கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கிற போனஸ் கழிவும் போய்விடும், ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் அது 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். மூவாயிரம் ரூபாய் வேலைக்கு அதை இழக்காதீர்கள்.

எஞ்சின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக் கடைக்குப் போகலாம். விட்டு விட்டுக் கண் சிமிட்டினால் மட்டும் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும், அது சூடாகி உருகிப்போனால் அப்புறம் 38,000 என்பதே மலிவாகத் தெரியும். இந்த நிலையில் 600 கிலோமீட்டர் ஓட்டி என் ஷெட்டுக்கு வருகிறேன் என்பதெல்லாம் வேண்டாம். வேலை முடியவில்லை என்றால் மே மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் ஏறுங்கள், காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி செங்கோட்டை போகிற ரயிலைப் பிடித்தால் வீரவநல்லூரிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

காரிலேயே வருகிறீர்கள் என்றால் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், தொழுவம் வேண்டாம், படப்பிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வாசல் பக்கம் தெருவில் வெளிச்சத்தில் நிறுத்துங்கள், பெயின்ட் வெயிலில் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ராத்திரி பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டால் எலிக்கு மறைவு இல்லாமல் போகும், எங்கள் பக்கம் டிராக்டர்காரர்கள் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். புகையிலை கட்டி வைப்பது, அந்துருண்டை போடுவது எல்லாம் வாடை இருக்கிற நாலைந்து நாளைக்குத்தான், அந்துருண்டையை வண்டிக்குள்ளே போடாதீர்கள், குழந்தைகளுக்கு ஆகாது. எலி மருந்து வைத்தால் அது தின்றுவிட்டு நேராக உங்கள் ஏசி பெட்டிக்குள் போய்த்தான் சாகும். தினம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து வேலை செய்கிற மருந்து, கூடு கட்ட ஒரு ராத்திரி போதும் என்றாலும் அடுத்த நாளே கலைத்துவிட்டால் அது வேறு இடம் பார்க்கும்.

வீட்டில் சொன்ன எலுமிச்சம்பழம் விஷயத்தில் நான் தலையிடவில்லை, அது உங்கள் குடும்பச் சமாச்சாரம். ஆனால் அய்யனார் சாஸ்தா மேல் பழி வேண்டாம், எலி வந்தது உங்கள் வீட்டுப் படப்பிலிருந்துதான்.

மூன்றாவது இடத்துக்குப் போய் அவர்கள் கழற்றின பழைய ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் காசில் வாங்கின பொருள், கேட்க வெட்கப்படாதீர்கள். ஹீட்டர் வயர் இரண்டிலும் மீட்டர் வைத்துப் பார்த்து, ஓம் ஒழுங்காகக் காட்டினால் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள், பின்னால் உதவும்.